காரைக்குடிப் பக்கம் மின் வாகன சார்ஜிங் நிலையம் அமைக்க மானியம் கிடைக்குமா?

காரைக்குடி–தேவகோட்டை சாலையோரம் சொந்த இடமும் அதில் ஓர் உணவகமும் வைத்திருப்பதாகவும், அங்கே கார்களுக்குச் சார்ஜிங் நிலையம் அமைக்க அரசின் நிதியுதவி கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்பகுதியில் சிறுதொழில் தொடங்குவோருக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மத்திய அரசு ஒதுக்கியிருக்கும் தொகை பெரியது. ஆனால் தனி ஒருவர் மனு எழுதிப் பெறும் வகையில் அது அமைக்கப்படவில்லை. மின் வாகனப் பயன்பாட்டை ஊக்குவிக்க மத்திய அரசு கொண்டுவந்த ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்களுக்காக 2023 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற 800 கோடி ரூபாய், மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குச் சென்றது. 2024 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கென வைக்கப்பட்டுள்ளது. அதன் விதிகளின்படி, பொதுமக்கள் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய அரசு வளாகங்களுக்கு முழுச் செலவும் மானியமாகக் கிடைக்கும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், பொதுத்துறை நிறுவனங்களின் பெட்ரோல் பங்க் போன்ற இடங்களுக்கு, மின்மாற்றி, கேபிள் உள்ளிட்ட மின்வழங்கல் ஏற்பாட்டில் 80 விழுக்காடும் சார்ஜர் விலையில் 70 விழுக்காடும் உண்டு. வணிக வளாகம், நெடுஞ்சாலை ஓரம் போன்ற மற்ற இடங்களுக்கு மின்வழங்கல் ஏற்பாட்டில் மட்டும் 80 விழுக்காடு. உங்கள் இடம் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதிலும் இடங்களைத் தொகுத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டியவை அரசு முகமைகளே என்பதால், நிலையங்களை நடத்தும் நிறுவனம் ஒன்றுக்கு இடத்தை வாடகைக்கோ வருவாய்ப் பங்குக்கோ கொடுத்து அதன் வழியாகப் பயன்பெறுவதுதான் உங்களுக்கு நடைமுறைக்கு ஒத்த வழி.

தமிழ்நாடு அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட மின் வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை மின் வாகனங்களுக்கான முன்மாதிரி நகரங்களாகத் தேர்ந்தெடுத்தது. காரைக்குடி அதில் இல்லை. மின்கல ஆராய்ச்சியில் நாட்டிற்கே பெயர் வாங்கித் தந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் இயங்கும் ஊர் காரைக்குடி. 2024இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. அடுத்த பட்டியலிலாவது இவ்வூர் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சொந்தமாகவே நடத்த விரும்பினால், சார்ஜிங் நிலையத்துக்கென்றே உள்ள மானியத்தைத் தேடுவதைவிட, புதிய தொழில்முனைவோருக்கான பொதுத் திட்டங்களைப் பார்ப்பது நல்லது. நீட்ஸ் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு அரசின் திட்டத்தில், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை மானியமும், கடன் வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு. நீங்கள் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் கிடைக்கும். இரண்டுக்கும் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தைத்தான் அணுக வேண்டும். ஏற்கெனவே உணவகம் நடத்துவதால் முதல் தலைமுறை என்ற நிபந்தனை உங்களுக்குப் பொருந்துமா, அல்லது குடும்பத்தில் தகுதியுள்ள இளையவர் பெயரில் விண்ணப்பிப்பது சரியா என்பதை அங்கேயே முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மானியத் தொகை உங்கள் கைக்கு வராது, வங்கிக் கடன் கணக்குக்கே செல்லும். ஆகவே உங்கள் பங்குத் தொகையும் கடன் தவணை கட்டும் வலிமையும் தனியாக இருக்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சார்ஜரின் விலையை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். மின் இணைப்பின் செலவை விசாரித்து வருபவர்கள் மிகக் குறைவு. திட்டங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 60 கிலோவாட் விரைவு சார்ஜருக்கு உங்கள் பகுதி மின்மாற்றியில் இடம் இல்லையென்றால், புதிய மின்மாற்றிக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவு உங்கள் மதிப்பீட்டையே புரட்டிவிடும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, எத்தனை கிலோவாட் தேவை என்று சொல்லி, எழுத்து வடிவில் மதிப்பீடு வாங்குங்கள். நிலையம் நடத்தத் தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. உணவக மீட்டரிலிருந்து இழுக்காமல், மின் வாகனக் கட்டண வகையில் தனி இணைப்பு மட்டும் பெற வேண்டும். சார்ஜருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடுதான் என்பதால், விலைப்புள்ளி வாங்கும்போது அதையும் சரிபாருங்கள்.

எந்தத் திறனில் வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 40 யூனிட் கொள்ளும் பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏற்ற 24 யூனிட் வேண்டும். அதற்கு 60 கிலோவாட் சார்ஜரில் அரை மணி நேரம் அளவிலும், 7.4 கிலோவாட் சார்ஜரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். கானாடுகாத்தானில் எங்கள் உறவினர் ஒருவர் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார். விருந்தினர்கள் இரவு தங்குவதால், பின்வாசலை ஒட்டிய வண்டிக் கொட்டகையில், பழைய வயரிங்கைத் தொடாமல் தனி எர்த்துடன் ஒரு 7.4 கிலோவாட் சார்ஜரை வைத்தார். ஆயிரக்கணக்கில் முடிந்த அந்தச் செலவுக்கு எந்த மானியமும் தேவைப்படவில்லை. உங்கள் உணவகத்தில் நிற்பவர்களோ இராமேசுவரம் போகும் வழியில் சாப்பிடும் நேரம் மட்டுமே நிற்பார்கள். அவர்களுக்கு மெதுவான சார்ஜர் பயன்படாது. விரைவு சார்ஜர்தான் வேண்டும், அதற்குப் பல லட்சம் ஆகும். தொடக்க ஆண்டுகளில் நாளொன்றுக்கு எத்தனை கார்கள் வரும் என்பதைத் திட்ட அறிக்கையில் மிகக் குறைத்தே எழுதுங்கள். அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் தவணை கட்ட முடிந்தால் மட்டும் சொந்த முதலீட்டில் இறங்குங்கள், இல்லையென்றால் இடத்தை நிறுவனத்துக்குக் கொடுப்பதே மேல்.

இன்னொன்று, கடனும் மானியமும் ஒப்புதலாகும் முன் சார்ஜருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தொடங்கிவிட்ட தொழில் என்று கருதப்பட்டால் விண்ணப்பம் தகுதி இழக்கக்கூடும். மின்வாரிய மதிப்பீடு, இரண்டு நிறுவனங்களின் விலைப்புள்ளி, பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு முதலில் தொழில் மையத்துக்கும், அதன்பின் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கும் செல்லுங்கள்.