கேள்வி பதில்: மைக்கை வைச்சிட்டு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வேலைக்குப் போகலாமோ?

கேள்வி: நான் ஒரு டிவியில யாழ்ப்பாணச் செய்தியாளரா இருக்கிறன், பட்டதாரி. மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் ஆமியிட்டை இருந்து காணி விடுபடாத சனத்தின்ரை கதையை எத்தினை தரம் எடுத்துப் போட்டாலும் அடுத்த வருசமும் அதே ஆக்கள் அதே கதையைத்தான் சொல்லுகினம். இலங்கை நிர்வாக சேவைச் சோதினை எடுப்பமோ எண்டு யோசிக்கிறன். வீட்டில நல்ல சந்தோசம், கூட வேலை செய்யிறவைதான் "விலை போயிட்டாய்" எண்டு கதைக்கினம். என்ன செய்ய?
(வாசகி, கோப்பாய்)

பதில்: தங்கச்சி, அந்தக் கதையை மனசில எடுக்காதேங்கோ. சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில ஒயில் கலந்த பிரச்சினையை ஊரறியப் பண்ணினதில கமராக்காரருக்குப் பெரிய பங்கு இருக்கு, ஆனா எந்த ஒழுங்கைக்கு எண்டைக்கு தண்ணிப் பவுசர் போகும் எண்டு ஒரு மேசையில இருந்து எழுதினதும் ஒரு ஆள்தானே, அந்த ஆளும் வேணும்.

உங்களை மாதிரி ஆக்கள் அந்த மேசைக்கு வரவேணும் எண்டு நான் ஆசைப்படுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில காணி உறுதியைத் துலைச்ச ஒரு அம்மா பிரதேச செயலகத்துக்கு வந்தா "ஆவணம் இல்லை" எண்டு ஒரு வரியில ஃபைலை மூடிப்போடலாம், நீங்கள் அவவின்ரை விறாந்தையில இருந்து முழுக்கதையும் கேட்டிருப்பியள், அந்த உறுதி எந்தப் பெட்டிக்குள்ள இருந்தது, ஆர் எழுதின நொத்தாரிஸ், பக்கத்துக் காணிக்காரர் ஆர் எண்டு கேக்கத் தெரியும், அதைப் பிடிச்சுக்கொண்டு காணிப் பதிவகத்தில பழைய பதிவைத் தேடுவிக்கலாம். யாழ் மாவட்டத்தில 15 பிரதேச செயலகம், 435 ஜிஎஸ் (கிராம சேவகர்) பிரிவு, எல்லாத்திலயும் இப்பிடி ஒரு அம்மா இருப்பா.

ஆனா கஷ்டமான பக்கத்தையும் சொல்லோணும். அரச ஊழியருக்கான விதிப் புத்தகமான தாபன விதிக்கோவையின்ரை 47ஆம் அத்தியாயத்தை சோதினைக்கு முதலே ஒருக்கா வாசியுங்கோ. அனுமதி இல்லாமல் ஊடகத்துக்குக் கதைக்க ஏலாது. உங்களோட ஒண்டா மோட்டச்சைக்கிளில திரிஞ்ச பெடியன் மைக்கோட வாசலில நிப்பான், உங்களுக்கு முழு விசயமும் தெரியும், எண்டாலும் மேல கேளுங்கோ எண்டுதான் அனுப்பவேணும். அது தாங்குமோ எண்டு உங்களையே கேளுங்கோ, சம்பளத்தை விட இதுதான் பெரிய கேள்வி. அதுக்காக வாயை முழுசாப் பொத்தோணும் எண்டும் இல்லை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் சட்டப்படி ஆரும் தகவல் கேட்டா குடுக்கிறதோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும், இழுத்தடிக்கேக்க எப்பிடி இருக்கும் எண்டு அனுபவிச்ச நீங்கள் தகவல் அலுவலரா வந்தா எவ்வளவு நல்லம்.

சோதினைக்கான வர்த்தமானி அறிவித்தல் வந்தவுடன முதல்ல வயசெல்லையைப் பாருங்கோ. சிங்களத்தை இப்பவே தொடங்குங்கோ, முதல் போஸ்டிங் யாழ்ப்பாணத்திலதான் கிடைக்கும் எண்டு இருக்காதேங்கோ. நியமனக் கடிதம் கையில வராமல் வேலையை விடவேண்டாம், ஆனா விண்ணப்பம் போட்ட அண்டைக்கே உங்கட செய்தி ஆசிரியரிட்டைச் சொல்லி கச்சேரிச் செய்தியில இருந்து விலகுங்கோ. நாளைக்கு உங்களுக்கு மேலதிகாரியா வரப்போறவரை இண்டைக்கு நீங்கள் பேட்டி எடுத்தா, பாக்கிற சனத்துக்கு அது நேர்மை இல்லை.

கேள்வி: டிவியில தெரிஞ்ச முகம் எண்டா நேரா அரசியலுக்கே போகலாமே?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: போகலாம், போயிருக்கினம். கேரளாவில டிவிச் செய்தியாளரா இருந்த வீணா ஜோர்ஜ் 2016இல ஆறன்முளையில வெண்டு 2021இல சுகாதார அமைச்சரானா. கனடாவில ஏட்ரியன் கிளார்க்சன் 1999இலயும் மிஷேல் ஜான் 2005இலயும் ஆளுநர் நாயகமா வந்தவை, ரெண்டு பேரும் டிவிக்காரர்தான், ஆனா அது நியமனம், வோட்டுக் கேக்கிற வேலை இல்லை. எங்கட நாட்டில நிர்வாக சேவை அதிகாரியா இருந்துகொண்டு கட்சி மேடையில ஏற ஏலாது. மற்றது, தெரிஞ்ச முகத்துக்கு ஒருக்கா வோட்டு விழும், ரெண்டாம் தரம் சனம் றோட்டையும் வாய்க்காலையும் பாத்துத்தான் போடும்.