என் மகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1600-க்கு 1530. அமெரிக்கக் கல்லூரிகளில், மார்க்கைப் பார்த்துத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?

பதினொன்றாம் வகுப்பு, ஜிபிஏ (பள்ளி கிரேடுகளின் சராசரி) 4-க்கு 3.97, கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்கள் ஒன்பது, அரங்கேற்றமும் முடிந்துவிட்டது, ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்ஐடி மூன்றில் எங்கே மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் கிடைக்காது. உங்கள் மகளிடம் ஒரு குறையும் இல்லை, அங்கே அப்படி ஒன்று தருவதே கிடையாது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டிலும், எம்ஐடியிலும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. 2025 முதல் ஹார்வர்டிலும் எம்ஐடியிலும் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால் டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கட்ட வேண்டாம். அந்தக் கோட்டைத் தாண்டத் தாண்ட உதவி சுருங்கிக்கொண்டே போகும். கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருக்கும் வீடு என்றால் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம். மூத்தவளுக்குக் கல்லூரி தேடிய வருஷம் ஊரிலிருந்து என் அப்பா வாராவாரம் போனில் கேட்பார்: "இவ்ளோ மார்க் வாங்கியிருக்கா, சும்மா சேத்துக்க மாட்டாங்களா?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மார்க்குக்குத் தரும் பரிசுதான் ஸ்காலர்ஷிப் என்பது நம் ஊரில் ஊறிப்போன நினைப்பு. இங்கே அது ஆடித் தள்ளுபடி. தீபாவளிக்கு முதல் நாள் கூட்டம் நெரியும் கடையில் யாராவது விலையைக் குறைப்பார்களா? தன் சராசரியை உயர்த்தித் தரும் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போய்விடக்கூடாது என்று நினைக்கிற கல்லூரிதான் காசைக் காட்டி இழுக்கும்.

அதனால் 1530 பெரிய மார்க்கா என்று கேட்பதில் அர்த்தமில்லை, எந்தக் கல்லூரியில் பெரிய மார்க் என்று பாருங்கள். கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடினால், கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவர பிடிஎஃப் ஒன்று வரும். அதில் சி9 பகுதியில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி அளவு இருக்கும். உங்கள் மகளின் மார்க் அங்கே 75-வது பெர்சன்டைலுக்கு மேலே, அதாவது சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட மேலே, இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். எச்2ஏ பகுதியில், பண உதவி தேவைப்படாத எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும். எனக்குத் தெரிந்த எந்தக் கன்சல்டன்டும் இதை வாயால் சொன்னதில்லை.

கிடைக்கும் விதமும் ஒன்றுபோல் இருக்காது. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஜிபிஏ இவ்வளவு, எஸ்ஏடி இவ்வளவு என்றால் தொகை இவ்வளவு என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே வாய்ப்பு என்ற பேச்சே இல்லை, கணக்குதான். இன்னொரு முனையில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் முழு டியூஷன் ஸ்காலர்ஷிப்: விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு. அதற்கு விண்ணப்பியுங்கள், அதை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

நேஷனல் மெரிட் என்ற அமைப்பு நாடு முழுக்க நடத்தும் ஸ்காலர்ஷிப் போட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடிதான் (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) இதற்கு அடிப்படை. ஆங்கில மார்க்கை இரண்டால் பெருக்கி, கணக்கு மார்க்கைக் கூட்டி, பத்தால் வகுப்பார்கள். ஆங்கிலம் 740, கணக்கு 750 என்றால் 223. அதிகபட்சம் 228. கணக்கில் புலியாக இருக்கும் நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது அந்த இரண்டால் பெருக்கும் இடத்தில்தான். கட்ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூஜெர்சி, மாசசூசெட்ஸில் உச்சத்தில் நிற்கும், வயோமிங்கில் தரையில் இருக்கும். ஜெயித்தால் அந்த அமைப்பு நேரடியாகத் தருவது ஒரே ஒரு தடவை 2,500 டாலர், அதுவும் ஒரு பகுதிப் பேருக்கு. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் ஃபைனலிஸ்ட் ஆகிவிட்டால் அலபாமா ஐந்து வருஷம் வரை டியூஷனும் நாலு வருஷம் தங்குமிடமும் தருகிறது. எங்கள் பக்கத்து யுடி டல்லாஸும் (டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம்) இந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கும். யுடி ஆஸ்டினோ 2009-லேயே இதற்குப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. கூட்டம் நெரியும் கடை!

விசா பற்றி நீங்கள் எழுதவில்லை. நேஷனல் மெரிட்டுக்குக் குடியுரிமையோ கிரீன்கார்டோ வேண்டும், அல்லது கிரீன்கார்டு விண்ணப்பம் போட்டு அது நிராகரிக்கப்படாமல் இருக்க வேண்டும். மகள் எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) என்றால் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, உதவியும் கிடையாது. ஆனால் பல கல்லூரிகள் தங்கள் சொந்த மெரிட் பணத்தை விசா பார்க்காமல் தருகின்றன, ஒவ்வொன்றாக மெயில் போட்டுக் கேளுங்கள்.

நாங்கள் கோட்டைவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பத்துக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது என்று நிதானமாக இருந்தோம். ஸ்காலர்ஷிப் வேண்டுமென்றால் நவம்பர் 1-க்குள் போட வேண்டும் என்பது அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது. இடம் கிடைத்தது, ஒரு சென்ட் கிடைக்கவில்லை.

மார்ச்சில் இன்னொரு தனியார் கல்லூரியிலிருந்து தடிமனான கவர் வந்தது. ஒரு லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில். மாமியார் கேசரியே கிண்டிவிட்டார். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த லட்சம் நாலு வருஷத்துக்கு, அதாவது வருஷம் 25,000. அங்கே ஒரு வருஷச் செலவு 88,000. மிச்சம் 63,000 நம் கையிலிருந்து. அதே வாரம் எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து சாதாரண மெயில்: டியூஷன் முழுக்கத் தள்ளுபடி, தங்கவும் சாப்பிடவும் வருஷம் சுமார் 15,000 நாங்கள் கட்ட வேண்டும். இதற்குக் கேசரி இல்லை.

அவள் சேர்ந்தது அங்கேதான். ஸ்காலர்ஷிப் தொடர ஜிபிஏ 3.5-க்குக் கீழே போகக்கூடாது என்பது நிபந்தனை. முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் பி வாங்கிவிட்டு, ரிசல்ட் வந்த அன்று அம்மாவுக்குப் போன் பண்ணாமல் எனக்குப் பண்ணினாள். 3.6-ல் தப்பித்தாள்.