டாடாவ உள்ள விடாத ஹோட்டலா? மும்பை வாட்சன்ஸ் பத்தி கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணே, இந்தியர்னு சொல்லி ஜாம்ஷெட்ஜி டாடாவ வாசல்லயே நிறுத்திட்டாங்க, அந்தக் கோவத்துல அவரு தாஜ் ஹோட்டல் கட்டினாருன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அந்த ஹோட்டலா இது?

பதில்: அதேதான். காலா கோடாவுல இருக்கு, இப்ப பேரு எஸ்பிளனேட் மேன்ஷன். ஆனா அந்தக் கதைக்கு உருப்படியா ஒரு ஆதாரமும் யாரும் காட்டினதில்ல. தாஜ் திறந்தது 1903ல, அதுக்கு முன்னாடி 1896ல பிளேக் வந்து பம்பாயே நொடிஞ்சு போயிருந்துச்சு, ஊருக்கு ஒரு நல்ல ஹோட்டல் வேணும்னு ஜாம்ஷெட்ஜி நெனச்சிருப்பாருங்கறதுதான் எனக்கு நம்புற மாதிரி இருக்கு. கோவக்கதை கேக்க நல்லாருக்கும், அவ்ளோதான்.

கேள்வி: அப்போ இந்தக் கட்டடத்துல வேற என்ன இருக்கு?

பதில்: இரும்புங்க! டாடா கதைய சொல்லி சொல்லியே இத மறந்துட்டாங்க. பம்பாய் கோட்டைச் சுவர இடிச்ச பிறகு கெடச்ச மனையில ஜான் வாட்சன்ங்கற ஜவுளி வியாபாரி கட்டினது. ரோலண்ட் மேசன் ஆர்டிஷ்னு ஒரு இன்ஜினியர் டிசைன் பண்ணாரு, லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன் கூரையில வேலை பார்த்தவரு, ஆல்பர்ட் பாலமும் அவரோடதுதான். தூண், உத்தரம் எல்லாத்தையும் இங்கிலாந்துல வார்த்து கப்பல்ல கொண்டாந்து 1867லேர்ந்து 69க்குள்ள இங்க வச்சு மாட்டினாங்க. செங்கல் சுவர் சும்மா இடைவெளிய அடைக்கத்தான், பாரம் மொத்தமும் இரும்புக்கூடுதான் தாங்குது. இன்னைக்கு நம்ம தெருவுல பில்லர் போட்டு வீடு கட்டுறோமே, அதே யோசனைதான்.

கேள்வி: இந்தியாவுல சினிமா முதல்ல காட்டினது இங்கயா சார்?

பதில்: ஆமா, 1896 ஜூலை 7. சினிமாவோட முன்னோடிங்களான பிரான்ஸ் லூமியேர் சகோதரர்களோட ஆளு மாரியஸ் செஸ்தியே ஆஸ்திரேலியா போற வழியில இங்க இறங்கி படம் போட்டாரு, டிக்கெட் ஒரு ரூபா, அன்னைக்கு அது பெரிய காசு, கூலிக்காரனால பக்கத்துலயே போக முடியாது. அதே வருஷம் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும் தங்கினாரு, பால்கனிக்கு வந்த காக்காங்கள பத்தி எழுதி வச்சிருக்காரு.

கேள்வி: இவ்ளோ பெருமை இருந்தும் ஏன் இப்டி பாழடைஞ்சு கிடக்கு?

பதில்: தாஜ் வந்ததும் மவுசு போச்சு. 1960கள்ல ஹோட்டல மூடிட்டு ரூம் ரூமா தடுத்து வாடகைக்கு விட்டாங்க, பக்கத்துல கோர்ட் இருக்கறதால வக்கீல் ஆபீஸ் ஏகப்பட்டது. வாடகை சொற்பம், ஓனர் செலவு பண்ண மாட்டாரு, குடியிருக்கறவரும் பண்ண மாட்டாரு, நடுவுல மழைத்தண்ணி இரும்ப தின்னுச்சு. 2005ல பால்கனி இடிஞ்சு விழுந்து ஒருத்தர் செத்துப்போனாரு. உலக நினைவுச்சின்ன நிதியத்தோட, ஆபத்துல இருக்கற 100 இடங்கள் பத்தின 2006 லிஸ்ட்டுலயும் இது இருந்துச்சு.

கேள்வி: இடிச்சிடலாம்னு சொன்னாங்களே?

பதில்: 2019ல எல்லாரையும் காலி பண்ண வச்சாங்க, ஐஐடி பாம்பே ரிப்போர்ட்டும் இடிக்கறதுதான் வழின்னு சொல்லுச்சு. ஆனா பாரம்பரியக் கட்டட வல்லுநருங்க ஒத்துக்கல, ரிப்பேர் பண்ண முடியும்னு கோர்ட்ல நின்னாங்க. நான் அவங்க கட்சி. துண்டு துண்டா வார்த்து மாட்டின கட்டடம், கெட்டுப்போன துண்ட மட்டும் மாத்தலாமே.

கேள்வி: அடுத்த மாசம் மும்பை வரேன், பாக்கலாமா?

பதில்: ரோட்டுல நின்னு பாருங்க. சர்ச்கேட்லேர்ந்து நடக்கற தூரம்தான், எம்.ஜி. ரோட்டுல ஆர்மி அண்ட் நேவி பில்டிங் பக்கத்துல.