ஆய்வகத்தில் பிசகாமல் ஓடிய ரோபோ, அரங்கில் ஏன் தடம் மாறுகிறது?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நால்வர் சேர்ந்து, வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் பத்து முறை விட்டால் பத்து முறையும் சரியாக ஓடும். போட்டியன்று காலை பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துதான் கொண்டுபோனோம். ஆனாலும் முதல் வளைவிலேயே ஆடத் தொடங்கி, இரண்டாவது வளைவில் கோட்டைவிட்டு விலகிப் போய்விட்டது. அடுத்த போட்டிக்கு மூன்று வாரங்கள் இருக்கின்றன. வேகமான புது மோட்டார் பொருத்தலாமா, அல்லது நிரலை முதலிலிருந்து எழுதலாமா? மாணவர்கள் மிகவும் சோர்ந்திருக்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். மோட்டாரை மாற்றினால் வேகமும் எடையும் மாறும். இதுவரை மாணவர்கள் பொறுமையாகத் திருத்தி வைத்த எண்கள் ஒன்றுகூடப் பொருந்தாது. நிரலைப் புதிதாக எழுதினால் பழைய பிழைகளின் இடத்தில் புதிய பிழைகள் வந்து உட்காரும். பத்துக்குப் பத்து ஓடிய ரோபோ நல்ல ரோபோதான். அது உங்கள் ஆய்வகத்தை மட்டுமே அறிந்திருக்கிறது என்பதே சிக்கல். இந்த மூன்று வாரங்களில் அதற்கு வேறு இடங்களைப் பழக்க வேண்டும்.

கடிதத்தில் நீங்கள் பெருமையோடு சொல்லியிருக்கும் ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தது, ரோபோ வளைவில் ஆடியதற்கு முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி பயன்படுத்துவதாக வைத்துக்கொள்கிறேன். முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட் தரும். பயிற்சியில் நாலைந்து ஓட்டம் முடிந்த பிறகு 7.4 வோல்ட் அளவில்தான் இருக்கும். மாணவர்கள் எண்களைத் திருத்தியதெல்லாம் பெரும்பாலும் அந்த நிலையில்தான். மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்டேஜுக்கு ஏற்பவே கூடும், குறையும். ஆகவே போட்டியன்று உங்கள் ரோபோ பழகிய வேகத்தைவிட சுமார் 13 சதவீதம் கூடுதலாக ஓடியிருக்கும். கோட்டிலிருந்து விலகியதை அது உணர்ந்து திரும்புவதற்குள் கூடுதல் தூரம் கடந்துவிடும். பிறகு மறுபக்கம் அளவுக்கு மீறித் திரும்பும். அதைத்தான் நீங்கள் முதல் வளைவில் பார்த்தீர்கள்.

இதற்கு எளிய வழி, எப்போதும் ஒரே வோல்டேஜ் எல்லைக்குள் ஓட்டுவது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு மல்டிமீட்டரால் அளந்து, 8 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றுங்கள். பயிற்சியிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். இன்னும் நல்ல வழி, ரோபோவே தன் பேட்டரியை அளந்து ஈடுகட்டிக்கொள்வது. இரண்டு மின்தடைகளைக் கொண்டு வோல்டேஜை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ரோபோவின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரில் வோல்டேஜை அளக்கும் அனலாக் முனைக்குக் கொடுங்கள். நிரலில் மோட்டாரின் முழு வேகத்துக்கு 255 என்ற எண். 7.4 வோல்ட்டில் அதில் 200 சரியாக இருந்தால், 8.4 வோல்ட்டில் 176 போதும். நிரலில் ஒரே ஒரு பெருக்கல் வரிதான் சேரும்.

அடுத்தது வெளிச்சம். இதில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நம் கண்ணை இங்கே நம்ப முடியாது. கோட்டைக் காண ரோபோவின் அடியில் இருக்கும் சென்சாரிலிருந்து கிளம்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, வெள்ளைத் தளத்தில் பட்டால் திரும்பி வரும். கறுப்புக் கோடு அதை விழுங்கிவிடும். ஆர்டுயினோ ஊனோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை இதை 0 முதல் 1023 வரையான எண்ணாகப் படிக்கிறது. பல சென்சார் பலகைகளில் வெள்ளைக்குச் சிறிய எண்ணும் கறுப்புக்குப் பெரிய எண்ணும் வரும். உதாரணத்துக்கு, ஆய்வகத்தில் வெள்ளை 80, கறுப்பு 850 என்று வந்திருந்தால், மாணவர்கள் நடுவே 465 என்ற எல்லையை நிரலில் எழுதியிருப்பார்கள். வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு ஏராளமாக உண்டு, எல்.இ.டி. விளக்கில் மிகக் குறைவு. ஜன்னல் வெயிலோ மேடை விளக்கோ கோட்டின் மேல் விழுந்து கறுப்பின் எண் 430க்கு இறங்கினால் போதும், ரோபோவைப் பொறுத்தவரை அங்கே கோடே இல்லை.

அதனால் நிரலுக்குள் நிலையான எல்லை எண் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் அரங்கத் தளத்தின் மேலேயே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ரோபோ இருந்த இடத்திலேயே இடமும் வலமுமாகச் சில வினாடிகள் திரும்பி, ஒவ்வொரு சென்சாரும் கண்ட மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு எல்லாவற்றையும் 0 முதல் 1000 வரை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அதன்பின் முடிவெடுக்கட்டும். சென்சார்களைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் ஒரு சிறு பாவாடை போலக் கட்டிவிட்டால் பக்கவாட்டு வெளிச்சம் பெருமளவு அடங்கும். சென்சார் தளத்திலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்திலேயே இருக்க வேண்டும், 3 மி.மீ. நல்ல தொடக்கம்.

கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் சென்சாருக்குக் கறுப்பல்ல என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கரித்தூள் கலந்த மை அகச்சிவப்பை விழுங்கும். சில சாய மைகள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். இன்சுலேஷன் டேப் ஒட்டிய பாதையில் மட்டும் பழகிய ரோபோ, அச்சிட்ட பாதையில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு விதப் பாதையிலும் ஓட்டிப் பாருங்கள். சென்சார் விளக்கு எரிகிறதா என்று பார்க்க, செல்போனின் முன்பக்கக் கேமராவை அதன்மேல் காட்டுங்கள். பல போன்களில் ஊதா நிறப் புள்ளியாக அது தெரியும். நான்கு புள்ளிகள் தெரிய வேண்டிய இடத்தில் மூன்று தெரிந்தால், நிரலில் தேடிக்கொண்டிருந்த பிழை அங்கேதான் இருக்கிறது.

இனி, பலரும் கடைசியில் பார்ப்பதும் நான் முதலில் பார்ப்பதுமான ஒன்று: திருகுகள். சக்கரத்தை மோட்டார் தண்டோடு பிடித்திருக்கும் மிகச் சிறிய திருகு, ஒவ்வொரு முறை மோட்டார் திசை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் மயிரிழை அளவு வழுக்கத் தொடங்கியதும் ரோபோ ஒரு பக்கமாக இழுக்கும். மாணவர்கள் நிரலைத் திருத்தி அதைச் சரிசெய்ய முயல்வார்கள். நான் எல்லாக் குழுக்களுக்கும் சொல்லும் வழி இது. திருகை நன்றாக முறுக்கிய பிறகு, அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகத்தின் மேல் வரை வெள்ளைப் பேனாவால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். திருகு அரைக்கால் சுற்று திரும்பினாலும் கோடு உடைந்து நிற்கும். ஓட்டத்துக்கு முன் ஐந்து வினாடி பார்த்தாலே தெரிந்துவிடும். செருகு ஒயர்களை இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்றால் சாலிடர் செய்துவிடுங்கள், அல்லது பூட்டுள்ள கனெக்டருக்கு மாறுங்கள்.

மூன்று வாரங்களை எப்படிச் செலவிடுவது? மேலே சொன்ன திருத்தங்களை முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்குப் பிறகு பத்து ஓட்டம். ஒரு நோட்டில் தேதி, வோல்டேஜ், எந்த விளக்கு, எந்த இடத்தில் தவறியது என்று எழுத வேண்டும். “நேற்று நன்றாகத்தான் ஓடியது” என்ற பேச்சுக்கு இந்த நோட்டு மட்டுமே விடை சொல்லும். இரண்டாவது வாரம் ரோபோவை வேண்டுமென்றே கஷ்டப்படுத்துங்கள்: ஜன்னலோரம் ஓட்டுங்கள், பக்கவாட்டில் மேசை விளக்கை வையுங்கள், தூசி படிந்த தளத்தில் விடுங்கள், பாதையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். மூன்றாவது வாரம் ரோபோவில் எதையும் மாற்றக் கூடாது. போட்டிக்கு முந்தைய இரவு யாருக்காவது அருமையான யோசனை தோன்றும். அதை நோட்டில் எழுதி, அடுத்த போட்டிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழு வேகத்தில் பத்தில் ஏழு முறை முடிக்கும் ரோபோவைவிட, சற்றுக் குறைந்த வேகத்தில் பத்துக்குப் பத்து முடிக்கும் ரோபோவையே நான் களத்தில் இறக்குவேன்.

பேட்டரி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாத சில உண்டு. உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு செல்லின் வோல்டேஜ் 3க்குக் கீழே போக விடாதீர்கள்.

போட்டியன்று நீங்கள் மாணவர்களின் அருகில் இருக்க முடியாமல் போகலாம். மாணவர்களுக்கான பன்னாட்டு ரோபோ போட்டிகளான உலக ரோபோ ஒலிம்பியாடிலும் ரோபோகப் ஜூனியரிலும் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் பயிற்சியாளருக்கு அனுமதி இல்லை. ரோபோவைக் கட்டுவதும் திருத்துவதும் அவர்கள் வேலை. ஆகவே இன்றிலிருந்தே ஸ்க்ரூடிரைவரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். ஒருவர் வோல்டேஜ் பார்க்க, ஒருவர் டயரைத் துடைத்துத் திருகுக் கோடுகளைப் பார்க்க, ஒருவர் அளவுத்திருத்தம் செய்ய, ஒருவர் நோட்டில் எழுத என்று பிரித்துக்கொள்ளட்டும். அந்த வரிசையையும் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும்.

மாணவர்கள் சோர்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை அவர்களுக்கு உடனே காட்டாதீர்கள். ரோபோவில் எதையும் மாற்றாமல், ஒரு பேட்டரியை 8.4 வோல்ட்டுக்கும் இன்னொன்றை 7.4 வோல்ட்டுக்கும் தயார்செய்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி அதே பாதையில் ஓட்டச் சொல்லுங்கள். அந்த முதல் வளைவில் என்ன நடந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகு இதைப் படிக்கக் கொடுங்கள்.