முதல் நத்தாருக்குச் சம்பந்தி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

கேள்வி: நாங்கள் கோண்டாவிலில் இருக்கும் சைவக் குடும்பம். மகள் விரும்பியபடி இந்த ஆவணியில் இளவாலையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் செய்துகொடுத்தோம். நத்தாருக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று சம்பந்தி அம்மா வீடு தேடிவந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முதல் நத்தார் என்பதால் மருமகனுக்கு ஒரு சங்கிலி போடலாம் என்கிறார் என் கணவர். அந்த வீட்டில் மருமகனுடைய அக்காவின் பிள்ளைகள் மூன்று பேர். அவர்களுக்கு நத்தார் தாத்தா கொடுப்பதுபோல விளையாட்டுச் சாமான் அனுப்புவதாகக் கனடாவில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது? இந்தப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: சங்கிலி வேண்டாம் அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்லவேண்டும். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கும் அதுவே பதில்.

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் மீரா என்ற ஊரில் நிக்கொலஸ் என்றொரு ஆயர் (பிஷப்) இருந்தார். அந்தப் பக்கத்தில் வாழ்ந்து கெட்ட ஒரு மனிதருக்கு மூன்று பெண் பிள்ளைகள். சீதனம் கொடுக்க வழியில்லாததால் கலியாணம் நடக்கவில்லை. பிள்ளைகளைத் தவறான வழியில் விற்றுவிடும் நிலைக்கு அந்தத் தகப்பன் வந்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட நிக்கொலஸ், ஒரு பொற்காசு முடிப்பை இரவில் யன்னல் வழியே உள்ளே போட்டுவிட்டுப் போனார். மூத்தவளுக்குக் கலியாணம் நடந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் அப்படியே. மூன்றாவது தடவை தகப்பன் விழித்திருந்து, ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார். ‘நான் உயிரோடு இருக்கும்வரை இதை யாருக்கும் சொல்லக் கூடாது’ என்று நிக்கொலஸ் கேட்டுக்கொண்டாராம். மரபாக வந்த கதைதான் இது. ஆனாலும் நத்தார் தாத்தாவின் வேர் இங்கேதான் இருக்கிறது. வாங்குபவர் கூனிக் குறுகக் கூடாது என்பதற்காக இருட்டில் கொடுத்த சீதனம் அது.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. முதல் நாள் இரவு ஒல்லாந்துப் பிள்ளைகள் சப்பாத்தை எடுத்து வைப்பார்கள், காலையில் அதற்குள் இனிப்பு இருக்கும். அவர்கள் சொன்ன ‘சின்ட்டர்கிளாஸ்’ அமெரிக்காவுக்குப் போய் ‘சாண்டா குளோஸ்’ ஆனது. 1823இல் அங்கே வெளியான ஒரு கவிதை அவரை மான் வண்டியில் ஏற்றியது. 1863 முதல் ஒரு பத்திரிகை ஓவியர் அவருக்குத் தொந்தியும் தாடியும் வைத்து வரைந்தார். 1931 முதல் கொக்கா கோலா விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நமக்கு நிக்கொலஸைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நாவாந்துறையில் இருக்கும் புனித நீக்கிலார் ஆலயம் அவருடையதுதான். கடலோடிகளுக்கும் அவரே பாதுகாவலர். கடற்றொழில் செய்யும் ஊரில் அவருக்குக் கோயில் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

இப்போது சங்கிலிக்கு வருவோம். பெண் வீட்டார் கொண்டுவரும் பவுனுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரே அர்த்தம்தான். நீங்கள் எவ்வளவு அன்போடு போட்டாலும், பார்க்கிறவர்கள் அதைச் சீதனத்தின் மிச்சமாகத்தான் எண்ணுவார்கள். அடுத்த நத்தாருக்கு என்ன வரும் என்ற எதிர்பார்ப்பை அந்த வீட்டில் நீங்களே விதைத்துவிடக் கூடாது. சம்பந்தி அம்மா கேட்காத ஒன்றைக் கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தவும் கூடாது.

அப்போ என்ன கொடுக்கலாம்? மகளுக்கும் மருமகனுக்கும் புது உடுப்பு. அதை 25ஆம் திகதி கொண்டுபோனால் பிந்திவிடும். 24 இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குத்தான் புது உடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். மருமகனுக்கு வாங்குவதும் மகளுக்கு வாங்குவதும் ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கட்டும்.

நத்தாரன்று கொண்டுபோகும் தட்டத்தில் பலகாரம் வையுங்கள். கேக் வேண்டாம், அது அங்கே நிறைய இருக்கும். நீங்கள் வீட்டில் செய்யும் பயற்றம் பணியாரமும் அரியதரமும், ஒரு சீப்புக் கப்பல் பழமும் போதும். ஒரு பக்கெற் நல்ல மெழுகுதிரியும் சேர்த்தால் இன்னும் நல்லது, பாலன் குடிலுக்கு முன்னால் கொளுத்துவார்கள். மெழுகுதிரி கொடுப்பது கிறிஸ்தவத்தையும் விடப் பழைய வழக்கம். டிசம்பர் 17இல் தொடங்கும் சனிக்கடவுள் விழாவில் உரோமர்கள் மெழுகுதிரியும் மண் பொம்மையும் பரிமாறிக்கொண்டார்கள். ஜனவரி முதல் நாளில் நல்ல சகுனத்துக்காகக் காசும் இனிப்பும் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட நம்முடைய சித்திரை வருடக் கைவியளம் மாதிரி. ‘அவர்கள் புதுவருடப் பரிசு கொடுக்கட்டும், நீங்கள் ஏழைகளுக்குத் தர்மம் கொடுங்கள்’ என்று தம் மக்களுக்குப் பிரசங்கம் செய்தார் புனித அகுஸ்தீனார்.

சங்கிலிக்கென்று எடுத்துவைத்த காசை என்ன செய்வது என்று உங்கள் கணவர் கேட்டால், இதையே சொல்லுங்கள். வறுமைப்பட்ட வீடுகளுக்கு நத்தார் பொதி கொடுக்கும் பங்குக் கோயில்கள் இருக்கின்றன. பங்குத் தந்தையிடம் கேட்டு அந்தக் காசில் ஒரு பகுதியை அதற்குச் சேர்க்கலாம். பெயர் சொல்லவேண்டியதில்லை. நிக்கொலஸ் செய்ததும் அதைத்தானே.

சின்னப் பரிசு மதிப்பில்லாமல் போய்விடுமோ என்று நீங்கள் யோசிப்பீர்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் நாங்கள் தென்மராட்சிக்குப் போய், ஒரு சைவ வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். நத்தார் வந்தது. எங்களிடம் ஒன்றுமில்லை. விடியற்காலை அந்த வீட்டு ஆச்சி ஒரு வாழையிலைத் துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தார். உள்ளே பாதிச் சவர்க்காரக் கட்டி. நூல் போட்டு நேராக அறுத்திருந்தார். மற்றப் பாதி அவர்களுடைய கிணற்றடியில் இருந்தது. சவர்க்காரம் என்ன விலை விற்ற காலம் அது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அம்மா அதைப் பல நாள் பாவிக்கவேயில்லை, மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

உங்கள் தம்பியின் பார்சல் வரட்டும், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தானே. ஆனால் மூன்று பேருக்கும் சமமாக இருக்கவேண்டும். பிள்ளைகளின் தாய் தகப்பன் வாங்கிவைத்ததை அமுக்கிவிடும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. நீங்களே பிள்ளைகளின் கையில் கொடுக்காமல், முதல் நாளே தாயிடம் இரகசியமாகக் கொடுத்துவிடுங்கள். எங்கே வைப்பது, யார் தந்ததாகச் சொல்வது என்பதெல்லாம் அவர் முடிவு.

பார்சல் பிந்தினாலும் பரவாயில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பாலனுக்குப் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் கொடுத்ததை நினைவுகூரும் திருநாள் ஜனவரி 6. (மத்தேயு நற்செய்தியில் அவர்கள் மூன்று பேர் என்றோ அரசர்கள் என்றோ இல்லை. பரிசு மூன்று என்பதால் ஆட்களும் மூன்றானார்கள்.) ஸ்பெயினில் பிள்ளைகளுக்கு முக்கியமான பரிசு அந்தத் திருநாளில்தான் கிடைக்கும். ஆகவே அதுவரைக்கும் கொடுக்கலாம், குறையில்லை.

25ஆம் திகதி காலையிலேயே போய் நிற்காதீர்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து அவர்கள் படுக்கும்போது இரண்டு மணிக்கு மேலாகிவிடும். பதினொரு மணிபோலப் போவது நல்லது. சாப்பாட்டு மேசையில் இறைச்சி இருக்கும். சில வருடங்களில் திருவெம்பாவையும் நத்தாரையொட்டி வரும். நீங்கள் மரக்கறி என்றால் இரண்டு நாளுக்கு முன்னரே மகளிடம் சொல்லிவிடுங்கள், புறம்பாகச் சமைப்பார்கள். அங்கே போய் இருந்துகொண்டு சொன்னால், சமைத்தவருக்குத்தான் மனம் நோகும்.

உங்கள் தட்டத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். கேக் துண்டுகளும் கொக்கிஸும் வரும். கேக்கில் முட்டையும், சில வீடுகளில் கொஞ்சம் பிரண்டியும் இருக்கும், விரதகாரர் யாராவது இருந்தால் கவனம். அவர்களுடைய தட்டம் எதுவும் உங்கள் வீட்டுக்கு வந்தால் உடனே திருப்பி அனுப்பிவிடாமல் கழுவி வைத்திருங்கள். தைப்பொங்கலுக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது.