எதிரியின் பெயர் சொல்லாத படங்கள்

அன்புள்ள ஐயா,

பழைய சீன சினிமாவின் நடிகை, பாடகி லீ ஷியாங்லான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய மிட்டாய்ப் பாட்டைத் தேடினேன். 1943இல் வெளிவந்த ‘வான் ஷி லியூ ஃபாங்’ படமே கிடைத்தது. அபின் வியாபாரத்துக்காக ஆங்கிலேயர் சீனாவோடு நடத்திய அபின் போரின் கதை. அபினை அழித்த அதிகாரி லின் செஷுவாக நடித்த காவ் ஜான்ஃபெய் யார் என்று பார்த்தால் இரண்டு வரிக்கு மேல் தகவல் இல்லை. ஜப்பானியர் பிடியில் இருந்த ஷாங்காயில், அவர்கள் கட்டுப்பாட்டில் எடுத்த படம். அப்படியானால் இவர் துரோகிதானே? துரோகியின் நடிப்பை ரசிக்கலாமா? பழைய சீன சினிமாவை எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு பட்டியலும் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

சி., ஈரோடு

அன்புள்ள சி.,

ஒரு பாட்டைத் தேடப் போய் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். அப்படித் தேடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் இரண்டு வரி படித்துவிட்டு ஒரு மனிதனைத் துரோகி என்று எழுத எப்படி ஐயா கை வருகிறது? கேள்விக்குறி போட்டுவிட்டால் அது கேள்வியாகிவிடுமா? ‘தானே’ என்பதிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

உங்கள் இரண்டு வரியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவ் 1904இல் பிறந்தவர். மௌனப்பட காலத்தில் லியான்ஹுவா என்ற ஷாங்காய்ப் பட நிறுவனத்தின் முக்கியமான கதாநாயகர்களில் ஒருவர். 1934இல் அன்றைய பெரிய நட்சத்திரம் ரூவன் லிங்யூவுக்கு ஜோடியாக நடித்தார். ஜப்பானுடன் போர் வந்தது, சீனாவின் தலைநகர் சோங்கிங்குக்குப் போனது. அங்கே தேசிய அரசின் ஸ்டூடியோவுக்காக சுன் யூ இயக்கிய ‘சாங்கோங் வான்லி’ சீன விமானப்படையைப் பற்றிய படம். ஜின் யான், பாய் யாங் ஆகிய நட்சத்திரங்களுடன் அதிலும் காவ் இருக்கிறார். ஜப்பானை எதிர்த்துப் பறக்கிறவர்களின் கதை. அது வந்தது 1940–41 வாக்கில். அடுத்து 1942இல் ஷாங்காயில் லின் செஷுவாக வேடம் கட்டுகிறார். சரி, இப்போது சொல்லுங்கள், எந்த முத்திரையைக் குத்துவீர்கள்? ஏன் அங்கே போனார் என்று ஊகித்து எழுத எனக்கு விருப்பமில்லை. வயிற்றுப்பாடு, குடும்பம், பயம் என்று எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதெல்லாம் நம் கற்பனை, அவர் வாழ்க்கை இல்லை.

எனக்கு நெடுநாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது வேறு விஷயம். திரைக்கு இந்தப் பக்கம் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

போருக்கு முன்பே ஜப்பானை எதிரி என்று பெயர் சொல்லிப் படமெடுக்கத் தணிக்கை விடவில்லை. அன்றைய சீன அரசின் தணிக்கைதான். அதனால் 1935இல் வந்த சுன் யூவின் ‘தா லு’ படத்தில் இளைஞர்கள் ராணுவத்துக்காகச் சாலை போடுகிறார்கள், எதிரி வருகிறான், குண்டு விழுகிறது, அவன் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 1939இல், சுற்றிலும் ஜப்பானிய ராணுவம் நிற்க, அந்நியர் குடியிருப்புப் பகுதி மட்டும் தீவாகத் தப்பியிருந்த ஷாங்காயில் ‘முலான்’ சக்கைப்போடு போட்டது. ஆண் வேடமிட்டுப் போருக்குப் போன பெண்ணின் பழைய கதை, எதிரிகள் வடக்கிலிருந்து படையெடுத்து வருகிறவர்கள். பார்த்தவர்களுக்கு அவர்கள் யாரென்று புரிந்துதான் கைதட்டினார்கள். அதே படம் 1940 ஜனவரியில் சோங்கிங்கில் ஓடியபோது, ஜப்பானியப் பணத்தில் எடுத்தது என்று சொல்லி ஒரு கும்பல் புகுந்து படச்சுருளைத் தெருவில் போட்டுக் கொளுத்தியது. அவர்கள் கையிலும் ‘துரோகி’ என்ற உங்கள் சொல்தான் இருந்தது.

அதன் இயக்குநர் பூ வான்சாங் பிறகு நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர்களில் ஒருவரானார், கொளுத்தியவர்கள் சொன்னது பலித்துவிட்டதே என்பீர்கள். 1941 டிசம்பரில் அந்தத் தீவும் போய்விட்டது. 1942இல் ஷாங்காயின் படக் கம்பெனிகளை ஒன்றாக்கி ஜப்பானியக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். ஊரில் இருந்து படம் எடுப்பதென்றால் அந்தக் கூரையின் கீழேதான். ஜப்பானியர் கணக்கு எளிமையானது: அபின் போரைத் தொடர்ந்து வந்த நான்கிங் ஒப்பந்தத்துக்கு 1942இல் நூறாண்டு, வில்லன் ஆங்கிலேயன், சீனர்களின் கோபம் அந்தப் பக்கம் திரும்பட்டும்.

திரும்பியதா? அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அபின் கூடத்தில் குழலும் கையுமாகச் சாய்ந்து கிடக்கிறவர்கள் நடுவே லீ ஷியாங்லான் நடித்த பெண் மிட்டாய் விற்றுக்கொண்டு வருகிறாள். முதலில் குழலின் அழகையும் புகையின் மணத்தையும் புகழ்கிறாள். குரல் மாறாமலேயே, இது தின்றுவிட்ட நல்ல நாட்கள் எத்தனை என்று கேட்டுவிடுகிறாள். மெட்டு இனிப்பு, உள்ளே ஊசி. இதை ஷாங்காயில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, தியேட்டரை விட்டு இறங்கினால் அபின் எங்கே கிடைக்கும், யார் தயவில் கிடைக்கும் என்று தெரியும். 1939இல் தொடங்கிய ஹோங்ஜி ஷான்தாங் என்ற நிறுவனம் ஜப்பானிய ராணுவத்தின் ஆதரவோடு அபின் விற்றது, நடத்தியவர் சதோமி ஹஜிமே என்ற ஜப்பானியர். திரையில் அபினைக் கொண்டுவந்து இறக்குகிறவன் ஆங்கிலேயன், தெருவில் இறக்குகிறவன் வேறு ஆள். எட்டு ஆண்டுகளாகப் பெயர் சொல்லாத எதிரியைக் கண்டுபிடித்துப் பழகிய ரசிகனுக்கு இதுவா புரியாது? 1943 டிசம்பரில் நான்கிங் மாணவர்கள் தெருவில் இறங்கி அபின் கூடங்களை அடித்து நொறுக்கினார்கள். படம்தான் அவர்களை இறக்கிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை, சினிமாவுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்கள் எந்த நெஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு அது போதும். அவர்கள் முன்னால் அபினை அழிக்கும் லின் செஷுவாக நின்றவர் காவ். விமானப்படைக் கதையில் நடித்த அதே முகம்.

துரோகத்தை விசாரித்த நீதிமன்றத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். போர் முடிந்ததும் லீ ஷியாங்லானைப் பிடித்தார்கள். ஊரே சீனப் பெண் என்று நம்பியிருந்த அவர் உண்மையில் யமகுச்சி யோஷிகோ என்ற ஜப்பானியர் என்பதற்குக் குடும்பப் பதிவேட்டின் நகல் வந்து சேர்ந்தது. 1946இல் விட்டுவிட்டார்கள். சீனர் இல்லை என்றால் சீனாவுக்குத் துரோகம் செய்ய முடியாதே! பின்னாளில் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் மேலவைக்கும் போனார், சுயசரிதை எழுதினார். அதே படத்தில் நடித்த சீனர்களுக்குக் காட்ட அப்படி ஒரு காகிதம் இல்லை. அதனால்தான் அவரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, காவுக்கு உங்கள் இரண்டு வரி.

ரசிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். ஏற்கெனவே ரசித்துவிட்டுத்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது.

பட்டியல் எல்லாம் தருவதில்லை, பட்டியல் கேட்கிறவர்கள் அதைச் சேர்த்து வைப்பதோடு சரி. ‘தா லு’ ஒன்றைப் பாருங்கள். காவ் அதில் இல்லை, ஜின் யான் இருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாத கடிதமாக இருந்தால் உடனே பதில் போடுகிறேன்.