வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலை வேலை. விலகினால் 2 ஆண்டுகளுக்கு அதே தொழிலில் எங்கும் சேரக் கூடாது என்று எழுதி வாங்குகிறார்கள், பக்கத்தில் புதுச்சேரி சேதராப்பட்டுக்குக்கூடப் போக முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஒருவரைச் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு உழைக்கக் கூடாது என்பது வேறு. அது செல்லும், 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. விலகிய பிறகும் நீளும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

சரி, அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எனக்குப் பயம் அந்த 2 ஆண்டுத் தடை மேல் இல்லை, பாண்டு மேல்தான். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எங்காவது உள்ளே இருக்கும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் தொகையையும் காலத்தையும் தேடிப் படியுங்கள், குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ரகசியம் காக்கும் நிபந்தனை நியாயமானது. ஃபார்முலா, வாடிக்கையாளர் பட்டியல் எதையும் உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அன்றே வாங்கிவிடுங்கள்.